படிக்கல் ஏறிய தராசு

முப்பத்து நான்கு வருடமாகக் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியவர் என் அப்பா. கடைக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் ‘படிக்கல்’. ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு ஒரே ஆசை, பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்க வேண்டும். எடை தொண்ணூறு கிலோவையும் வயது அறுபதையும் தாண்டக் கூடாது என்றார்கள். குதிக்கப் போன அன்று அப்பாவுக்கு அறுபது முடிய மூன்றே நாள் பாக்கி. எடைக்காக நாலு மாதம் இரவுச் சாப்பாட்டையே விட்டிருந்தார்.

குதிக்கும் மைதானத்தில் இருந்த தராசில் ஏறினார். எண்பத்தொன்பது. நான் கைதட்டினேன். இறங்கியவர் குனிந்து முள்ளையே பார்த்தார்.

“தம்பி, ஆள் இல்லாதப்போ முள்ளு பூஜ்யத்துல நிக்கல. ரெண்டு கிலோ கம்மியா காட்டுது,” என்றார் பயிற்சியாளரிடம்.

“அப்பா, வாய மூடிக்கிட்டு வாங்களேன்!”

கேட்டால்தானே! அடியிலிருந்த திருகாணியைத் திருகி முள்ளைச் சரிசெய்துவிட்டு, தானே மறுபடி ஏறினார். தொண்ணூற்றொன்று.

பயிற்சியாளர் தலையைச் சொறிந்தார். “தெரிஞ்சப்புறம் எப்படி சார் கூட்டிட்டுப் போறது?”

“கூட்டிட்டுப் போகக் கூடாது,” என்றார் அப்பா.

பேருந்தில் வீடு திரும்பினோம். எங்கள் நிறுத்தத்தில் இறங்கும்போது சொன்னார்.

“இன்னைக்கு ராத்திரி எனக்கும் சேத்து சமைச்சிடும்மா.”