மைக்ரோமீட்டருக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் அப்பா செய்தால் அது வேலை. அம்மா செய்தால் "போய்ட்டு வர்றது". இரண்டு பேரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் வெவ்வேறு கம்பெனிகளில் இருந்தார்கள். அப்பா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே திங்கட்கிழமையைத் திட்ட ஆரம்பித்துவிடுவார். ஆனாலும் அவரை யாரும் வேலையை விடச் சொல்லவில்லை. நாலாம் வகுப்புக் கணக்கில் நான் கோட்டை விட்டதும், அம்மா வேலைக்குப் போவதுதான் காரணம் என்று முடிவாயிற்று. தீபாவளியோடு அவள் நின்றுவிடுவாள் என்று அப்பா சொன்னார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கோ ஒரே கொண்டாட்டம். இனி பள்ளி விட்டு வந்தால் வீடு பூட்டியிருக்காது, சூடாகப் போண்டா இருக்கும்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு அம்மாவின் கம்பெனிக்கு எல்லோரும் போனோம். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். அம்மா தினமும் பாகங்களின் கனத்தை அளக்கும் மைக்ரோமீட்டர் ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தது. பெட்டிக்கு மட்டும்தான் பொட்டு வைத்திருந்தார்கள். சாமி குத்தமாகிவிடுமே என்று நான் பெட்டியைத் திறந்து, மைக்ரோமீட்டரின் அளக்கும் முனைகள் இரண்டுக்கும் நடுவில் சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்தேன்.

என்னை அடித்தே அறியாத அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு பொரி, சுண்டலுக்குக்கூட எழுந்து வராமல் அதைத் துடைக்க உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாமே, தீவாளியோட நிக்கப் போற. அத்தப் போய்த் தொடச்சிகினு கீற?" என்றார் அப்பா.

"நிக்கறேன்னு யாரு சொன்னா?"

"நீதான?"

"நீ சொன்ன. நான் சும்மா இர்ந்தேன்."

அப்பா வாயில் போட்ட பொரியை மென்று விழுங்க மறந்தார். அம்மா மைக்ரோமீட்டரை மூடிப் பார்த்தாள். கோடு சரியாகப் பூஜ்யத்தில் வந்து நின்றது. உடனே என் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, அதையும் அளந்து பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

ரிட்டயர் ஆகும்வரை அம்மா அந்த வேலையை விடவில்லை. கணக்கில் நானும் கோட்டை விடுவதை விடவில்லை.

இப்போது எனக்கு ஐ.டி. வேலை. வேலை பிடித்திருக்கிறதா என்று வருஷா வருஷம் படிவம் அனுப்பிக் கேட்கிறார்கள். அம்மாவை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நானும்தான் கேட்கவில்லை. அந்த ஆயுத பூஜையன்று கொரட்டூர் வீடு வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அடிக்காக அல்ல, கைவிட்டுப் போன போண்டாவுக்காக. என்னால் வராத ஒரு சந்தோஷமும் அம்மாவுக்கு இருக்கலாம் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.