இரண்டாவது வரிசை உளுந்து

கல்லூரிப் பசுமைக்குடிலின் வலையைக் காற்று கிழித்துப்போட்ட கோடையில், என் உளுந்துத் தொட்டிகளெல்லாம் தூத்துக்குடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குக் குடிவந்தன. காட்மியம் என்கிற நச்சு உலோகம் ஏறிய மண்ணில் பயறுச் செடிகள் படும் பாட்டைக் கடல்பாசிச் சாறு குறைக்குமா என்பதுதான் என் ஆராய்ச்சி. வழிகாட்டி மேடம் ஆயிரம் எச்சரிக்கைகளோடுதான் சம்மதித்தார். ஒவ்வொரு தொட்டிக்கு அடியிலும் தட்டு வைத்தேன். ‘யாரும் தொடக் கூடாது’ என்று அட்டையும் தொங்கவிட்டேன்.

முதல் வரிசைக்கு நல்ல மண், வெறும் தண்ணீர். இரண்டாவதற்கு நஞ்சு கலந்த மண், அதே தண்ணீர். மூன்றாவதற்கும் நஞ்சு மண்தான். ஆனால் இலைமேல் பாசிச் சாறு தெளிப்பேன். திரேஸ்புரம் கரையில் ஒதுங்கும் பழுப்புப் பாசியை அள்ளிவந்து, அலசி, வேகவைத்து வடிகட்டிய சாறு. அது கொதிக்கும்போது தெருமுனை வரை வாடை அடிக்கும்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. மாமனார் நாசரேத்தில் ஒன்றாம் வகுப்பு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் மாடியில்தான் நடப்பார். இரண்டாவது வரிசை மஞ்சளடித்து இலை சுருளத் தொடங்கியதும் அவர் நடை அங்கேயே நின்றுபோனது.

“ஏம்மா, இந்த வரிசைக்கு மட்டும் மருந்து அடிக்க மாட்டுக்கியே?”

“அது வாடணும் மாமா. அது வாடுனாத்தான் மூணாவது வரிசை பொழைச்சது சாறுனாலன்னு சொல்ல முடியும்.”

அவர் சுருண்ட இலைகளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழே இறங்கினார்.

சில நாளில் இரண்டாவது வரிசையின் கொழுந்தில் பச்சை திரும்பியது. மண்ணைக் கலக்கும்போதே தவறு செய்துவிட்டேனோ என்று பயந்து, கல்லூரிக்கு ஓடி மேடத்திடம் சொன்னேன். “நல்லாக் கவனிச்சுப் பாரு” என்றார்.

காரணம் மறுநாளே தெரிந்தது. துணி காயப்போட மாடியேறியபோது, என் தெளிப்பானைக் கையில் வைத்துக்கொண்டு மாமனார் இரண்டாவது வரிசை முன்னால் குனிந்து நின்றார்.

“மாமா!”

திடுக்கிட்டு நிமிர்ந்தார். “கோவப்படாதம்மா. வகுப்புல ஒரு பெஞ்சுக்கு மட்டும் முட்டாயி குடுக்காம என்னால இருக்க முடிஞ்சதில்ல. இதுக என்ன பாவம் செஞ்சிச்சி?”

அழுகைதான் முதலில் வந்தது. அத்தனை வார உழைப்பும் போச்சு. ஆனால் தெளிப்பானை அவர் முதுகுக்குப் பின்னால் ஒளித்த விதத்தைப் பார்த்ததும் சிரிப்பு முந்திக்கொண்டது. அவரும் மெல்லச் சிரித்தார்.

மேடம் திட்டுவார் என்று நினைத்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, “வாடின செடிக்கு அப்புறமாக் குடுத்தாலும் கேக்குதுன்னா, அதையும் ஒரு வரிசையாப் போட்டுப் பாக்கலாமே” என்றார்.

மறுபடி விதைத்தோம். இந்தத் தடவை நான்கு வரிசை. “நாலாவது உங்களுக்கு மாமா. செடி வாடினப்புறம் நான் சொல்லுத அன்னைக்கு அடிக்க ஆரம்பிங்க” என்றேன். வகுப்பெடுக்கப் போகிறவர் மாதிரி சட்டை போட்டுக்கொண்டு, கையுறை மாட்டி அடித்தார். இரண்டாவது வரிசையைக் கடக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மூன்றாவது வரிசை நன்றாகக் காய்த்தது. நான்காவது தேறியது, காய் குறைவுதான். என் கேள்விக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அவருக்கோ வருத்தம், “இன்னும் கொஞ்சம் முன்னால ஆரம்பிச்சிருக்கலாம்” என்று.

நஞ்சு மண்ணில் விளைந்ததைச் சாப்பிடக் கூடாது என்பதால், செடியோடு மண்ணையும் கல்லூரியில் ஒப்படைத்தோம். அன்று சாயங்காலம் கடையில் உளுந்து வாங்கிவந்து, கருப்பட்டி போட்டுக் களி கிண்டினேன். நல்லெண்ணெய் ஊற்றிச் சுடச்சுட மூன்று பேரும் மாடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கடல் காற்று இதமாக இருந்தது. மாமனார் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.