பாதியாக வெட்டிய பட்டைகள்

என் தங்கையைச் சமயநல்லூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். சின்ன வயதிலேயே சர்க்கரை வந்து, தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவள். நான் மதுரையில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். எந்தச் சோதனைக்கு எத்தனை நிமிடம், எதை எந்தச் சீசாவில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். தெரியாதவர்களைத் திட்டுவது என் வேலையில் சேர்ந்ததல்ல. அதைக் கூடுதல் நேரம் எடுத்துச் செய்தேன்.

அவளுக்கு வீட்டில் இருந்த ஒரே சோதனை, கண்ணாடிக் குழாயில் நீலக் கரைசலை ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் காய்ச்சுவது. நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் கெட்டது. அடுப்படியில் அதைச் செய்ய மாமியார் விடமாட்டார். கொல்லையில் ஸ்பிரிட் விளக்கோடு உட்கார்ந்து, காற்றுக்குச் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு காய்ச்சுவாள்.

எண்பதுகளின் நடுவில், சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் எனக்கு ஒரு சீசா பரிசோதனைப் பட்டைகள் கொண்டுவந்தார். பட்டையின் நுனியில் உயிரணுக்கள் சுரக்கும் நொதி ஒன்று பூசியிருக்கும். விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்து, அறுபது விநாடி கழித்துக் கழுவினால், சர்க்கரைக்குத் தக்கபடி நீலம் ஏறும். சீசாவின் மேல் அச்சிட்ட நிறங்களோடு ஒப்பிட வேண்டியதுதான். உயிர்ப்பொருளையே அளவுகோலாக்கிவிட்டார்கள் என்று ஒரு வாரம் எல்லோரிடமும் பேசித் திரிந்தேன்.

மொத்தம் இருபத்தைந்து பட்டைகள். அடுத்த சீசா எப்போது வரும் என்று தெரியாது. ஒவ்வொன்றையும் நெடுக்குவாட்டில் இரண்டாக வெட்டினேன். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான். நான் நேராக வெட்டினேன் என்பது மட்டும் என் பெருமை. பாதியை மூலச் சீசாவிலேயே போட்டு, எங்கள் கூடத்தில் வைத்துக்கொண்டேன். மீதியைக் கழுவிக் காயவைத்த ஒரு மாத்திரைச் சீசாவில் போட்டு, நிற அட்டவணையைக் காகிதத்தில் வண்ணம் தீட்டி, அவளிடம் கொடுத்தேன்.

மூலச் சீசாவின் மூடிக்குள் ஈரத்தை உறிஞ்சும் பொருள் ஒன்று இருந்தது. பட்டைகளை வேறு சீசாவுக்கு மாற்றக் கூடாது என்று உள்ளே இருந்த தாளில் அச்சிட்டிருந்தது. அந்த வரியை எங்கள் கூடத்தில் உரக்கப் படித்துக்காட்டியவனே நான்தான்.

முதல் வாரம் நிறம் சரியாக ஏறியது. பிறகு நாளுக்கு நாள் வெளிறியது. சர்க்கரை குறைகிறது என்று நினைத்து, "ஊசி மருந்தைக் கொஞ்சம் குறைச்சுக்க" என்றேன். மறு ஞாயிற்றுக்கிழமையும் குறைக்கச் சொன்னேன். மருத்துவரைக் கேட்கவில்லை. என்னை விட அவருக்கு என்ன தெரியும்?

அதற்கடுத்த ஞாயிறு போனபோது, அவள் செம்பும் கையுமாக இருந்தாள்.

"தாகம் அடங்கலண்ணே. எம்புட்டுக் குடிச்சாலும் நாக்கு ஒட்டுது."

"வெயிலு அப்பிடி. எனக்குந்தான் ஒட்டுது."

"நீ பேசுற பேச்சுக்கு ஒட்டத்தான் செய்யும்" என்று சிரித்தாள். பிறகு மெதுவாக, "அந்த நீலத் தண்ணிய ஒருக்கா காய்ச்சிப் பாக்கவா?"

"காரு வாசல்ல நிக்கையில மாட்டு வண்டி பூட்டப் போறியாக்கும்?"

அவள் காய்ச்சவில்லை. அண்ணன் படித்தவன்.

மூன்றாம் நாள் மதியம் அவளை வாடகைக் காரில் கொண்டுவந்தார்கள். நினைவில்லை. மூச்சு ஆழமாக, இரைந்து வந்தது. அவள் ரத்தம் என் மேசைக்குத்தான் வந்தது. அளவு எங்கள் கருவியின் எல்லையைத் தாண்டியது. நீர்க்கச் செய்து பார்த்தேன், மறுபடியும் நீர்க்கச் செய்ய வேண்டியிருந்தது. இத்தனை வருஷப் பழக்கம், வெட்கமில்லாமல் ஒழுங்காக வேலை செய்தது. மறுநாள் விடியுமுன் அவள் போய்விட்டாள்.

காரியம் முடிந்ததும் அவளிடம் மிஞ்சிய பட்டைகளை எடுத்துவந்தேன். சர்க்கரை அளவு தெரிந்த கரைசலை அதில் ஒரு சொட்டு வைத்தேன். நிறமே ஏறவில்லை. கூடத்தில் இருந்த பாதிகளில் வைத்தேன். கருநீலம். தினமும் காலையில் முதல் மாதிரிக்கு முன் நாங்கள் கட்டாயம் செய்கிற சரிபார்ப்பு அது. மூன்று நிமிட வேலை.

அன்று சாயங்காலமே சமயநல்லூர் போய், அவள் கணவரிடம் சொன்னேன். பஞ்சாலையில் வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். வேறு சீசா, ஈரம், நொதி என்று ஒன்று விடாமல் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரிஞ்சா செஞ்சீக?" என்றார்.

"தெரிஞ்சிருக்கணும் மாப்ள."

எழுந்து தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். "வேற யார்கிட்டயும் சொல்லிராதீக மச்சான். நாலு பேரு ஒங்கள ஏசுவாக. அது அவளுக்குப் பொறுக்காது."

அவள் உள்ளே படுத்திருப்பதுபோல், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

அவர் உயிரோடு இருந்தவரை நான் யாரிடமும் சொல்லவில்லை.