சாமிக்கு நேர்ந்த தாடி

தாடியில் கை வைக்கக் கூடாது என்று என்னிடம் சொன்ன உதவி இயக்குநர் இப்போது சினிமாவிலேயே இல்லை. மாமனாரோடு சேர்ந்து டைல்ஸ் கடை வைத்துவிட்டான் என்று கேள்வி. ஆனால் அவன் சொன்ன சொல் மட்டும் ஒன்றரை வருஷம் என் முகத்தில் வளர்ந்துகொண்டே இருந்தது.

நாற்பது வருஷமாக நான் சின்ன வேஷக்காரன். என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. முகத்தைப் பார்த்தால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், "நீங்க அந்தப் படத்துல..." என்று ஆரம்பிப்பார். எந்தப் படம் என்று அவருக்கும் ஞாபகம் வராது, நானும் எடுத்துக் கொடுக்க மாட்டேன். நான் ஒன்றைச் சொல்லி அவர் வேறொன்றை நினைத்திருந்தால் இரண்டு பேருக்கும் சங்கடம்.

ஏழாவதோடு படிப்பை விட்டுவிட்டு, ஜெயங்கொண்டத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு படப்பிடிப்பு என்று கூட்டத்துக்கு ஆள் பிடித்தார்கள். போய் நின்றேன். எதிரே நாலு குதிரைகள். இயக்குநர் என்னைக் காட்டி, "அந்த ஆள் நல்லா பயப்படுறாரு, முன்னாடி கொண்டாங்க" என்றார். நான் நடிக்கவே இல்லை. குதிரை காலை மிதித்துவிடுமோ என்று நிஜமாகவே பயந்தேன். அதற்குப் பிறகு வந்த வேஷமெல்லாம் அந்தப் பயத்துக்குக் கிடைத்ததுதான். அடி வாங்கும் கான்ஸ்டபிள், பெண்ணைக் கட்டிக்கொடுக்க முடியாத அப்பா, பண்ணையாரிடம் கைகட்டி நிற்கிறவர். பெரும்பாலும் இடைவேளைக்கு முன்னால் செத்துப்போவேன். கதாநாயகனுக்குக் கோபம் வரவேண்டுமே, அதற்காக.

அறுபத்து நாலு வயதில்தான், படம் முடிகிறவரை உயிரோடு இருக்கிற வேஷம் ஒன்று வந்தது. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டி ஓய்ந்துபோன டிரைவர், கதாநாயகனுக்குப் பெரியப்பா. அரியலூர்ப் பக்கமே இருபது நாள் எடுத்தார்கள். கடைசிக்கு முந்தின காட்சியில் எனக்கு மட்டும் மூன்று பக்கம் வசனம். அதுவரை மூன்று வரிக்கு மேல் யாரும் கொடுத்ததில்லை. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் என்பதால் என் மகள் அதைப் படித்து போனில் பதிந்து கொடுத்தாள். கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தேன். அந்தக் காட்சியை எடுக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள், தயாரிப்பாளருக்கு ஏதோ சிக்கல் என்று எல்லோரும் வண்டி ஏறிவிட்டார்கள்.

"ஒரு மாசம்தான் சார். கன்டினியுட்டி முக்கியம். தாடி, மீசை, தலை, எதுலயும் கை வெச்சிராதீங்க" என்றான் அந்த உதவி இயக்குநர் தம்பி. சினிமாவில் ஒரு காட்சியின் பாதியை இன்றைக்கும் மீதியை எட்டு மாதம் கழித்தும் எடுப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு ஒரே நிமிஷம். நடுவில் ஒரு மயிர் கூடக் குறையக் கூடாது.

அவன் எடுத்த போட்டோவை ஸ்டூடியோவில் பெரிதாகப் போட்டு, லேமினேட் செய்து வைத்துக்கொண்டேன். பத்து நாளைக்கு ஒருதரம் அதை எடுத்துக்கொண்டு சலூனுக்குப் போவேன். தாடி ஒரு தீக்குச்சி நீளம் இருக்க வேண்டும். சலூன்காரர் தீக்குச்சியை வைத்து அளந்து வெட்டுவார். காத்திருக்கிறவர்கள் என்னையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

இது போதாதென்று ஐப்பசியில் எனக்கு நெஞ்சுவலி வந்தது. திருச்சிக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தார்கள். உள்ளே நான் கிடக்கும்போது வெளியே என் மனைவி, ஆள் நடந்து வீடு வந்து சேர்ந்தால் தலை, தாடி, மீசை மொத்தத்தையும் இறக்குவதாகக் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டுவிட்டாள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள்தான் சொன்னாள்.

"தாடியச் சேத்தா வேண்டுன?" என்றேன்.

"பின்ன? உசுரு போவுற நேரத்துல தாடிய மட்டும் தள்ளி வெச்சுடு சாமின்னா வேண்டுவாங்க?"

"தம்பி போன் பண்ணுவானேடி..."

"யோவ்." அவள் 'ஏங்க'வை விட்டு 'யோவ்'வுக்கு வந்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். "நீ இப்ப உக்காந்து பேசுறதே அந்த சாமியாலதான்."

அவள் சொன்னது சரிதான். ஆனால் கம்பெனிக்கு நெஞ்சுவலி விஷயத்தைச் சொல்லவும் முடியவில்லை. சொன்னால் ஆளை மாற்றிவிடுவார்கள். தாடியை எடுத்தாலும் மாற்றிவிடுவார்கள். அல்லது ஒட்டுத்தாடி வைத்து, முகம் தெரியாமல் முதுகைக் காட்டிப் பேச வைப்பார்கள். எடுக்காவிட்டால் சாமி என்ன செய்யும் என்று தெரியவில்லை. இராத்திரியெல்லாம் கையை நெஞ்சிலும் தாடியிலும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

எங்கள் குலதெய்வம் தா.பழூர் தாண்டி ஒரு தோப்பில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை, மாசியில்தான் பங்காளிகள் எல்லோரும் கூடிக் கிடா வெட்டுவோம். முடி இறக்குவதும் அன்றைக்குத்தான். அந்த வருஷ மாசிக்கு ஒரு வாரம் முன்னால் போன் செய்தேன். வேறொரு தம்பி எடுத்தான். "அடுத்த மாசம் உறுதி சார்." மனைவியிடம் கெஞ்சி வேண்டுதலை அடுத்த மாசிக்குத் தள்ளிப்போட்டேன். அடுத்த மாதம் ஷூட்டிங் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. போனில் தம்பிகள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தார்கள். 'உறுதி' மாறவில்லை. நடுவில் ஒரு சீரியலில் நீதிபதி வேஷம் வந்தது. முகத்தை மழித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். நாற்பது வருஷத்தில் நான் ஒரு வேஷத்தை வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல்தடவை. அதையும் ஒரு தாடிக்காகச் சொன்னேன்.

அடுத்த மாசி வந்துவிட்டது. தோப்பில் பங்காளிகள் வேனில் வந்து இறங்கினார்கள். வேப்பமரத்தடியில் முடி இறக்குகிறவர் கத்தியும் தண்ணீர்க் கிண்ணமுமாக உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கமே பார்க்காமல், அடுப்புக்குக் கல் சரியாக வைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மகன் விடவில்லை.

"என்ன சித்தப்பா, சாமிக்கு நேந்த முடிய சினிமாக்காரனுக்கு வாடகைக்கு வுட்டுருக்கீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் பூசாரியிடம் போய், மெதுவாக, "பூமுடி மாதிரி ஒரு கத்தை மட்டும் குடுத்தா ஆவாதுங்களா? பின்பக்கம், கேமராவுல தெரியாத எடத்துல?" என்றேன்.

"என்ன சொல்லி வேண்டுனீங்களோ அத செய்யணும். நீங்க வேண்டுனீங்களா?"

"அவ வேண்டுனா."

பூசாரி அவளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "மொத்தமா இறக்குறேன்னுதான் சாமி வேண்டுனேன். எனக்கு ஒண்ணு சொல்லுங்க. வேண்டுனவ தலையக் குடுத்தா சாமி ஏத்துக்குமா?"

"ஏத்துக்கும்மா. வாய்விட்டுச் சொன்னது நீதான?"

அவள் போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். கொண்டையை அவிழ்த்தாள். அறுபது வயதுக்கு அவளுக்கு நிறைய முடி. முன்னால்தான் நரை, பின்னால் கருகருவென்றிருக்கும். பெண்கள் எல்லாம், "ஏ... ஏ... என்னாடி இது!" என்று ஓடிவந்தார்கள்.

நானும் ஓடினேன். "எந்திரி. நான் உக்கார்றேன்."

"உக்காந்துட்டு ஒரு வருசத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவ. அத யாருய்யா பாக்குறது? ஒனக்கு மூணு பக்கம் வசனம் இருக்குல்ல? கம்முனு கெட." பிறகு முடி இறக்குகிறவரிடம், "தண்ணியத் தெளிங்க. பாத்துக்கிட்டே இருக்கீங்க" என்றாள்.

அவர் தண்ணீரைத் தெளித்தார். 'எந்திரி' என்று நான் சொன்னது உண்மை. ஆனால் சொல்லும்போது என் வலது கை தாடியைப் பிடித்துக்கொண்டிருந்ததும் உண்மை. அதை அவள் பார்த்தாள். முதல் கத்தி நெற்றியிலிருந்து இறங்கியபோது நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தேன். தடுத்திருக்கலாம். கையைப் பிடித்து இழுத்திருந்தால் அவள் எழுந்திருப்பாள் என்றே நினைக்கிறேன். இழுக்கவில்லை.

அன்றைக்குப் பந்தியில் என் இலைக்கு யாரும் கறி வைக்காமல் போனார்கள் என்று சொன்னால் பொய். வைத்தார்கள். வைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்தார்கள்.

ஆறு வாரம் கழித்து போன் வந்தது. உண்மையாகவே. பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்குவாரியில் படப்பிடிப்பு. காலையில் போய் இறங்கினேன். புதிதாக ஒரு தம்பி கையில் போனை வைத்துக்கொண்டு என்னைச் சுற்றி வந்தான்.

"சூப்பர் சார். தாடி அப்படியே இருக்கு. மீசை ஓகே." மறுபடி போனைப் பார்த்தான். "சார், தொப்பை எங்க?"

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். ஸ்டென்ட் வைத்த பிறகு எண்ணெய் இல்லை, கிடா வெட்டும் நாள் தவிர கறி இல்லை, காலையில் நடை. பதினோரு கிலோ போயிருந்தது. ஒன்றரை வருஷம் தீக்குச்சி வைத்துத் தாடியை அளந்தவன், வயிற்றை ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை. போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு சலூன் கண்ணாடியில் முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

"வாக்கிங் போறேன் தம்பி" என்றேன்.

"யார் சார் உங்கள வாக்கிங் போகச் சொன்னது?" என்று தலையில் கைவைத்துக்கொண்டான். காஸ்ட்யூமர் வந்து இரண்டு துண்டைச் சுருட்டி என் வயிற்றில் கட்டி, மேலே பழைய காக்கிச் சட்டையை மாட்டினார். மூச்சுவிட்டால் இறங்கும், அதனால் மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள் என்றார். மூன்று பக்க வசனத்தை மூச்சு விடாமல் எப்படிப் பேசுவது என்று அவரிடம் கேட்கவில்லை.

கேட்க வேண்டிய அவசியமும் வராது போலிருந்தது. இயக்குநர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மரியாதையாகத்தான் சொன்னார். "சார், அந்த வசனத்தக் குறைச்சுட்டேன். உங்க முகமே போதும். ரெண்டு வரி பேசிட்டு, தூரத்துல போற லாரியப் பாருங்க. அவ்வளவுதான்."

நாற்பது வருஷத்தில் எந்த இயக்குநரிடமும் எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. 'இப்படி விழுங்க சார்' என்றால் விழுவேன், 'செத்துப்போங்க' என்றால் சாவேன். அன்றைக்கு வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"சார், அந்த மூணு பக்கத்துக்காக என் வூட்டுக்காரி மொட்டை போட்டுருக்கா."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சார்?"

சொன்னேன். நெஞ்சுவலியை மட்டும் விட்டுவிட்டு, உடம்புக்கு ஒரு சின்ன வேண்டுதல் என்று சொன்னேன். குளறிக் குளறித்தான் சொன்னேன், நடுவில் துண்டு வேறு இறங்கியது. அவர் கொஞ்ச நேரம் என் தாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து, "ஒரே ஷாட்ல பேச முடியுமா?" என்றார்.

"முடியும் சார்."

"பேசுங்க. எடிட்டிங்ல என்ன ஆகும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

பேசினேன். ஒரே ஷாட். எங்கேயும் தடுக்கவில்லை. நன்றாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது. முடிந்ததும் ஒலிப்பதிவுக்காரர் மட்டும் கட்டைவிரலைக் காட்டினார். அது எனக்கா, லாரி சத்தம் விழவில்லை என்பதற்கா என்று இன்றுவரை யோசனைதான். சாயங்காலம் அந்தத் தம்பியைப் பிடித்து, நாலு பேர் முன்னால் சொல்ல வைத்தேன். "சார் போர்ஷன் முடிஞ்சுது. தாடிய எடுத்துக்கலாம்."

மறுநாள் காலை வீட்டில் வேட்டி மாற்றிக்கொண்டு நின்றேன். "கெளம்பு. மாசி இல்லாட்டியும் பூசாரிகிட்ட கேட்டுக்கலாம், தா.பழூர் போயிட்டு வந்துடுவோம். நான் இறக்கிடுறேன்."

அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். தலையில் ஒரு விரல்கடை முடி வளர்ந்து, முள் முள்ளாக நின்றது. "எதுக்கு?"

"வேண்டுதலுக்குத்தான்."

"அது என் வேண்டுதல். நான் குடுத்துட்டேன். முடிஞ்சுது."

"இருந்தாலும் உசுரு என்னுது..."

"ஒரு வேண்டுதலுக்கு ரெண்டு தலையக் குடுத்தா, இதுங்க மறுபடியும் என்னத்தையோ கேக்க வந்துருக்குன்னு சாமி நெனைச்சுக்கும். சும்மா இருங்க." 'ஏங்க'வுக்குத் திரும்பியிருந்தாள். ஆனால் குரலில் ஒரு இடைவெளியும் இல்லை, நான் நுழைவதற்கு. "ஒங்க தாடி அன்னைக்கே சாமிக்கு வேணாம்னு ஆயிடுச்சு. வேணும்னா சலூன்ல போய் எடுத்துக்குங்க."

சலூனுக்குத்தான் போனேன். போட்டோ இல்லாமல் வந்திருக்கிறேனே என்று சலூன்காரர் விசாரித்தார். எல்லாத்தையும் எடுத்துவிடுங்கள் என்றேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. எனக்கு முன்னால் யாரோ வெட்டிக்கொண்ட முடியோடு என் தாடியையும் சேர்த்துப் பெருக்கி, மூலையில் ஒதுக்கிவிட்டு, அடுத்தவரை உட்காரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தேன். வாசலில் நிறுத்தி என் முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இனிமே முடி சம்பந்தம் இல்லாத வேசமா பாத்து ஒத்துக்குங்க" என்றாள்.

சரி என்றேன். அவள் எது சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.