அண்ணி தின்ற கிழங்கு

அண்ணியின் முடி ஒருநாள் காலையில் தலையணையோடு தங்கிவிட்டது. அவள் எழுந்து உட்கார்ந்தாள், முடி எழவில்லை. ஆசுபத்திரியின் வெள்ளை உறைமேல் பூனை ஒன்று சுருண்டு படுத்திருப்பதுபோலக் கறுப்பாகக் கிடந்தது. நான் காபித் தூக்கோடு நின்றிருந்தேன். அவள் தலையைத் தடவினாள், இன்னும் கொஞ்சம் கையோடு வந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். பிறகு நான் காபியை ஆற்றிக் கொடுத்தேன், அவள் குடித்தாள். விரல்களால் டம்ளரைப் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அழுத்தி வைத்திருந்தாள். விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருந்தது அவளுக்கு. எனக்கும் அன்றைக்கு எங்கோ மரத்தது. எங்கே என்று இத்தனை வயதுக்குப் பிறகும் தொட்டுக் காட்டத் தெரியவில்லை.

அது எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம். செலியமேட்டில் எங்களுக்கு நெல்லும் கொஞ்சம் கரும்பும். அண்ணி ஒதியம்பட்டுப் பெண். அவள் அப்பாவுக்கு வில்லியனூர் கடைத்தெருவில் மளிகைக்கடை. கிழங்கு என்றால் மூட்டையிலிருந்து தராசுக்கு வருவது என்று மட்டும் அறிந்தவள். ஆவணியில் கல்யாணமாகி வந்தவளுக்கு எங்கள் வீட்டில் அது முதல் பொங்கல். என் அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளுக்காக அம்மா வேலியோரத்தில் ஒரு கிழங்கு தோண்டி வைத்திருந்தாள். கார்த்திகையில் சிவப்பும் மஞ்சளுமாக எரியும் பூவின் கொடி காய்ந்துபோனபின் மண்ணுக்குள் மிஞ்சுவது அது. கலப்பைபோல வளைந்திருக்கும், கலப்பைக் கிழங்கு என்போம். வலி கண்டதும் அரைத்து உள்ளங்காலில் பூசினால் பிள்ளை சுலபமாக இறங்கும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பூசத்தான், வாயில் படக் கூடாது. அதை வாயில் போடுகிறவர்கள் எதற்குப் போடுவார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே யாரும் யாருக்கும் சொல்வதில்லை. சமையல் கொட்டகை மூலையில் அது கிடந்தது. பொங்கலுக்குப் பாகூரில் வாங்கிவந்த சிறுவள்ளிக் கிழங்கை அதன் பக்கத்திலேயே கொட்டினார்கள்.

பொங்கலன்று படையல் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. வயலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. படைக்கும்வரை மருமகள் எதையும் வாயில் வைக்கக் கூடாது. நான் வீட்டுப் பெண், எனக்கு அந்தக் கட்டு இல்லை. கரும்பைக் கடித்துக்கொண்டு அவள் எதிரில் குந்தியிருந்தேன். அண்ணி அடுப்புச் சாம்பலைக் குச்சியால் கிளறி, சுட்ட கிழங்கு ஒன்றை வெளியே தள்ளினாள். ஊதி ஊதித் தோலுரித்து இரண்டாக ஒடித்து, பாதியை என்னிடம் நீட்டினாள். வாயில் கரும்புச் சக்கை இருந்ததால் தலையை ஆட்டினேன். இரண்டு பாதியையும் அவளே தின்றாள்.

"கசக்குதுடி. ஒங்க ஊரு மண்ணே கசப்பு போல."

"ஒங்க ஊர்ல மட்டும் இன்னா, வெல்லமா வெளையுது?"

"எங்கப்பா கடையில வெளையுதே," என்று புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வாந்தி ஆரம்பித்தது. நிற்கவில்லை. வண்டி கட்டி, பஸ் பிடித்து, புதுச்சேரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது கண் உள்ளே போயிருந்தது. என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்க, அம்மா வீட்டுக்கு ஓடிவந்து கொட்டகை மூலையைப் பார்த்தாள். கலப்பைக் கிழங்கு கிடந்த இடம் காலியாக இருந்தது. மறுநாள் அவள் பிழைப்பாளா என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. எதற்காகத் தின்றாள் என்றுதான் பேச்சு, அதுவும் எங்கள் வீட்டில் யாராவது கிணற்றடிக்குப் போனால் நின்றுவிடுகிற பேச்சு. கல்யாணமாகி ஐந்தே மாதத்தில் மருமகள் சாகத் துணிந்தாள் என்றால் அந்த வீடு அவளை என்ன செய்தது? அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. நான் அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, அண்ணி எனக்கும் பாதி கொடுத்தாள், சாக நினைக்கிறவள் பங்கு வைப்பாளா என்றேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்த கை நின்றது.

"ஒனக்கும் குடுத்தாளா?"

அவ்வளவுதான் கேட்டாள். அடுத்த நாளைக்குள் கதை மாறிவிட்டது. தான் சாவது போதாமல் வீட்டுப் பெண்ணையும் கூட்டிப்போகப் பார்த்தாள் என்று ஆனது. நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். என் வாயிலிருந்து ஒன்றாகக் கிளம்பியது அவர்கள் காதில் வேறாகப் போய் உட்கார்ந்தது. அண்ணன் ஆசுபத்திரித் தாழ்வாரத்தில் தூணோடு தூணாக நின்றான். உள்ளே போய் அவளைக் கேட்கவில்லை. அவள் பிழைத்தாள், முடியும் புருவமும் கொட்டின. பிள்ளை பிறக்கப்போகிற வீட்டுக்கு மொட்டைத் தலையோடு ஒருத்தி வருவதாவது என்றார்கள். அவள் அப்பா வந்து ஒதியம்பட்டுக்கு அழைத்துப்போனார். முடி வளரட்டும், கூட்டி வருகிறேன் என்று அண்ணன் சொன்னான். முடி வளர்ந்தது. அவன் போகவில்லை. பிறகு வேறொரு பெண் வந்தாள். அவளையும் அண்ணி என்று கூப்பிடச் சொன்னார்கள். கூப்பிட்டேன்.

சில வருஷம் கழித்துக் கல்லூரியில் தாவரவியல். வெங்காய வேரின் நுனியை நறுக்கி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பார்க்கும் வகுப்பு. ஒரு செல் இரண்டாகும்போது குரோமோசோம்கள் நடுவில் அணிவகுத்து நிற்கும், பிறகு இரு பக்கமும் இழுபட்டுப் பிரியும். இழுப்பவை இழைகள். செல்லுக்குள் உதிரியாக மிதக்கும் குட்டிப் புரதங்கள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்து வரிசையாகி, வரிசைகள் பக்கவாட்டில் ஒட்டிக் குழாயாகி, குழாய்கள் கற்றையாகின்றன. ஒற்றை வைக்கோல் எதையும் கட்டாது, பிரியாகத் திரித்தால் கதிர்க்கட்டையே தாங்கும் இல்லையா, அப்படி. வேலை முடிந்ததும் அவிழ்ந்து மறுபடி உதிரியாகிவிடும். ஒரு வேரை மட்டும் கோல்ச்சிசின் என்ற கரைசலில் ஊறவைத்திருந்தார்கள். அந்த வேரில் குரோமோசோம்கள் பிரியத் தயாராகி, இழுக்க யாருமில்லாமல், எறிந்தது எறிந்தபடி சிதறிக் கிடந்தன. நஞ்சு அந்த உதிரிப் புரதத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டியது வரிசையின் நுனியில் அமர்ந்துவிட்டால் அடுத்தது அமர முடியாது. எங்கள் மைக்ராஸ்கோப்பில் இழைகள் தெரியாது. மற்றவை நிற்கும் விதத்தையும் சிதறும் விதத்தையும் வைத்துத்தான் அவை உண்டா இல்லையா என்று அறியவேண்டும். நம்ம ஊர்க் கார்த்திகைப் பூவின் கிழங்கிலும் இது இருக்கிறது என்று ஆசிரியை போகிற போக்கில் சொன்னார். நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். குடல், ரத்தம் ஊறும் எலும்பு, மயிர்க்கால்: ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் இடங்கள் முதலில் நிற்கும். நரம்புக்குள் அதே குழாய்கள்தான் சரக்குப் போகும் தண்டவாளம், அதனால்தான் விரல்கள். எல்லாம் பொருந்தியது. அழுகை வரவில்லை.

அந்த வாரமே வில்லியனூரில் பஸ் இறங்கி ஒதியம்பட்டுக்கு நடந்தேன். அண்ணி முறத்தில் துவரம்பருப்பு வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பின்னல் இடுப்பைத் தொட்டது. "வாடி காலேஜி. தனியாவா வந்தே? ஒங்க வூட்ல தெரிஞ்சா அதுக்கும் என்னத்தான் சொல்லுவாங்க."

தரையில் பருப்பை வரிசை வரிசையாக அடுக்கிக் காட்டினேன். நுனியில் ஒரு கல்லை வைத்து, இதற்குமேல் எதுவும் உட்கார முடியாது, இழை உருவாகாது, அதனால்தான் முடி, அதனால்தான் விரல் என்றேன். மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் குனிந்து கவனமாகப் பார்த்தாள்.

"சரி, முடி ஏன் கொட்டிச்சின்னு தெரியுது. நான் ஏன் தின்னேன்னு அது சொல்லுமா?"

"சொல்லாது அண்ணி."

"ஒங்கம்மா கேக்கல. ஒங்கண்ணன் கேக்கல. நீ இவ்ளோ படிச்சிட்டு வந்து சொல்றே, நீயும் கேக்கல."

தெருவில் சைக்கிள் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

"ஏன் தின்னீங்க?"

"பசிடி," என்றாள்.

கல்லை எடுத்து வாசலில் எறிந்தாள். நான் அடுக்கிய வரிசைகளை உள்ளங்கையால் கூட்டி முறத்துக்குள் தள்ளினாள். விரல் நுனிகள் இன்னும் சரியாக மடங்கவில்லை என்று அப்போதுதான் பார்த்தேன்.

"நீ சாப்ட்டுட்டு வந்தியா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தாள்.

இல்லை என்றேன்.