ஆடுகளை எண்ணாமல் ஆக்சுவரி ஆனவள்

நசியெகு அக்கா நைரோபியில் என்ன வேலை பார்க்கிறாள் என்று எங்கள் ஊர் மரிகாட் சந்தையில் கேட்டுப் பாருங்கள். வங்கியில் என்பார் ஒருவர். இல்லை, சவப்பெட்டிக் கம்பெனியில் என்பார் இன்னொருவர். அவள் என் பெரியப்பா மகள். பள்ளித் தேர்வு எழுதி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அவள் செய்ததை யாராவது ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

அவள் ஓர் ஆக்சுவரி. காப்பீட்டுக் கம்பெனி என்பது நாளைக்கு வரக்கூடிய கஷ்டத்துக்கு இன்றைக்கே வாக்குக் கொடுக்கிற இடம். அந்த வாக்கைக் காப்பாற்ற முடியுமா, காப்பாற்ற எவ்வளவு சேர்த்து வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்பவர்தான் ஆக்சுவரி. யார் எந்த வயதில் சாவார்கள், எத்தனை வீடு எரியும், வறட்சியில் எத்தனை மாடு போகும், எல்லாமே அந்தக் கணக்கில் வரும்.

ஏரிக்கரையில் ஆடு மாடு மேய்க்கிற இல்சாமுஸ் இனத்து வீட்டில் பிறந்த ஒருத்திக்கு இந்த வேலை எவ்வளவு பொருந்தாது என்று சொல்கிறேன். நாங்கள் பிள்ளைகளை எண்ண மாட்டோம். ஆடு மாடுகளையும் எண்ண மாட்டோம். எண்ணினால் குறையும். சாயங்காலம் பட்டிக்குள் நுழைகிற மந்தையைப் பார்த்தாலே எந்தக் குட்டி வரவில்லை என்று தெரிந்துவிடும், ஆனால் வாயில் எண் வராது. சாவைப் பற்றியும் சத்தமாகப் பேச மாட்டோம்.

நைரோபிப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது, என்ன படிப்பு என்று லெமாங்கி பெரியப்பா கேட்டார். "கணக்குப்பா" என்றாள். அது பொய்யில்லை. இரண்டாம் ஆண்டு விடுமுறைக்கு வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவள் பையில் இருந்த தடிமனான புத்தகத்தைப் பக்கத்து வீட்டு வாத்தியார் புரட்டிப் பார்த்துவிட்டு, அதில் வயது வாரியாகச் செத்தவர்கள் கணக்கு போட்டிருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் வாசித்துவிட்டார்.

"சாவை எண்ணவா உன்னை அவ்வளவு தூரம் அனுப்பினேன்?" என்றார் பெரியப்பா.

"எண்ணலைப்பா. இனிமே வரப்போறதை முன்கூட்டியே பாக்கறோம், அவ்வளவுதான்."

"அடியே, அது இன்னும் மோசம்!"

படிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. புத்தகம் மட்டும் வாசலுக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது என்றார். அதனால் விடுமுறை முழுக்க அவள் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்து படித்தாள். கடைக்காரர் எண்ணெயில் பொரித்த மந்தாஸியைத் தட்டில் வைத்துவிட்டு, "டாக்டரம்மா, இன்னைக்கு யாரெல்லாம் போறாங்க?" என்று கேட்பார். "நீங்க இல்லை, நிம்மதியா மாவைப் பிசைங்க" என்பாள்.

அவள் வகுப்பில் சேரும்போது உட்கார இடம் இல்லாத அளவு கூட்டமாம். நல்ல மதிப்பெண் வாங்கிய எல்லோரும் இந்தப் படிப்புக்குத்தான் ஓடி வந்தார்கள். நிகழ்தகவுப் பாடத்தில் ஒரு கூட்டம் வேறு துறைக்குப் போனது. அடுத்த ஆண்டு இன்னொரு கூட்டம். "எங்க வகுப்பே ஒரு இறப்பு அட்டவணைடா. யார் மிச்சம்னு ஒவ்வொரு வருஷமும் திரும்பிப் பாத்துக்குவோம்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

பட்டம் வாங்கினால் ஆக்சுவரி ஆகிவிடலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதற்கப்புறம்தான் உண்மையான தேர்வுகளே. வேலைக்குப் போய்க்கொண்டே ஒவ்வொரு தாளாக எழுத வேண்டும். ஒரு தாள் பாக்கி இருந்தாலும் நீங்கள் ஆக்சுவரி இல்லை, உங்கள் கையெழுத்துக்கு மதிப்பில்லை. அக்கா நைரோபியில் ஒரு சின்னக் காப்பீட்டுக் கம்பெனியில் சேர்ந்து வருடக்கணக்கில் எழுதினாள். எல்லோரும் பயப்படுகிற கணக்குத் தாள்களை எல்லாம் தாண்டினாள். கடைசித் தாளில் சிக்கிக்கொண்டாள்.

அந்தத் தாளில் கணக்கே கிடையாது. இந்தத் துறையைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவருக்கு, ஒரு கணக்கின் முடிவை அவருக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும். அக்கா இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தோற்றாள். இரண்டாம் முறை வந்த குறிப்பில், கணக்கு சரி, ஆனால் படிப்பவருக்கு எதுவும் புரியாது என்று இருந்ததாம்.

கம்பெனியில் ஒரு விதி உண்டு. ஒரே தாளில் மூன்று முறை தோற்றால், அவள் இருந்த கணிப்புப் பிரிவில் இடம் இல்லை. இடித்த கார், உடைந்த கண்ணாடி என்று வாகனக் கோரிக்கைகளைப் பார்க்கிற மேஜைக்குப் போக வேண்டியதுதான். மூன்றாவது முறைக்கு அவள் தயாராகிக்கொண்டிருந்தபோது இங்கே வறட்சி வந்தது.

அந்தக் கம்பெனிதான் எங்கள் பக்கத்தில் ஆடுமாடுகளுக்கு வறட்சிக் காப்பீடு விற்றிருந்தது. வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள் நிலத்தைப் படம் எடுக்கும். பச்சை குறைந்தால் மேய்ச்சல் இல்லை என்று அர்த்தம், உடனே தீவனம் வாங்கப் பணம் வரும். மலையடிவாரத்து ஆட்களுக்கு வந்தது. ஏரிப் பக்கம் இருந்த எங்களுக்கு வரவில்லை. எங்கள் ஆடுகள் எலும்பும் தோலுமாக நின்றன.

அக்காவின் மேலதிகாரி முத்தெம்பெய் அவளைக் கூப்பிட்டு, "உங்க ஊர்க்காரங்க ரொம்பக் கோபமா இருக்காங்க. உனக்குத்தான் பாஷை தெரியும். போய் விளக்கிட்டு வா" என்றார்.

"சார், தேர்வுக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு."

"விளக்கறதுதானே உன் தேர்வு? போ."

எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் வருகிற கால்வாயின் தலைமதகுக்குப் பக்கத்தில் இருக்கிற வேலமரத்து நிழலில் கூட்டம். நானும் இருந்தேன். பெண்கள் குழுத் தலைவி நோன்குத்தா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். குழுவில் எல்லோரையும் காப்பீட்டில் சேர்த்துவிட்டவர் அவர்தான். அதனால் ஊர் அவரைத்தான் ஏசிக்கொண்டிருந்தது. பெரியப்பா பின்னால் தடியை ஊன்றி நின்றார்.

அக்காவுக்குப் பதற்றம். நைரோபியில் பேசிப் பழகிய வாய். எடுத்த எடுப்பில், "உங்ககிட்ட நூறு ஆடு இருக்குன்னு வச்சுக்கங்க. அதுல முப்பது செத்துப் போகுது…" என்று தொடங்கிவிட்டாள்.

கூட்டம் அப்படியே எழுந்துவிட்டது.

"வாயை மூடுடி!" என்று நோன்குத்தா கத்தினார். "என் ஆட்டை நீ எதுக்குடி எண்ணுறே? எண்ணினதும் இல்லாம முப்பதைக் கொன்னும் போட்டுட்டியா? வறட்சி விட்டு வச்சதையும் நீ முடிச்சிடு!"

"பட்டணத்து வாய்" என்றார் யாரோ. "எங்க பணத்தையும் அப்படித்தான் எண்ணி எடுத்துக்கிட்டாங்க" என்றார் இன்னொருவர். பெரியப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்குத் தன் தப்பு புரிந்தது. நைரோபியில் வளர்ந்த யாராவது சொல்லியிருந்தால் தெரியாமல் சொன்னதாகப் போயிருக்கும். இவள் எங்களவள். கையில் இருந்த தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தாள். வாய்க்கால் ஓரம் போய், அங்கே இருந்த கொஞ்சம் புல்லைப் பிடுங்கி வந்து நோன்குத்தாவிடம் நீட்டினாள். எங்கள் வழக்கத்தில் அது மன்னிப்புக் கேட்பது.

"தப்பு என்னோடது, சித்தி. நீங்களே அந்தத் தோஷத்தை எடுத்துருங்க."

நோன்குத்தா முறைத்தார். பிறகு புல்லை வாங்கி, அதில் எச்சில் துப்பி ஆசி சொல்லி மேய்ச்சல் பக்கம் வீசினார். அக்காவின் நெற்றியிலும் ஆசியாகத் துப்பினார், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே. கூட்டத்தில் சிரிப்பு வந்தது. எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள்.

இனி எண்ணைத் தொட முடியாது. அக்கா கால்வாயைக் கை காட்டினாள்.

"வெள்ளம் வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் சேந்து கால்வாய்த் தூர் வாருறோம், இல்லையா? எந்த வயல்ல கரை உடையும்னு அப்பவே யாருக்காவது தெரியுமா?"

"யாருக்குத் தெரியும்?" என்றார் பெரியப்பா.

"உடைஞ்ச இடத்துக்கு எல்லாரும் மண்வெட்டியோட ஓடறோம். உங்க கரை உடையலைன்னா, போன வருஷம் செஞ்ச வேலையைத் திருப்பிக் குடுன்னு கேப்பீங்களா?"

"கேட்டா சிரிப்பாங்க."

"காப்பீடும் அதேதான். நீங்க எல்லாரும் முன்னாடியே பணம் கட்டி வைக்கறீங்க. உடையற இடத்துக்கு அது ஓடும்."

"சரிடி, எங்க கரைதான் உடைஞ்சிருச்சே" என்றார் நோன்குத்தா. "யாரும் ஓடி வரலையே?"

"வெள்ளத்தைப் பாத்துச் சத்தம் போட மலைமேல ஒரு ஆளை நிறுத்துவோம்ல? அந்த மாதிரி வானத்துல ஒருத்தனை நிறுத்தியிருக்கோம். அவன் பச்சையைத்தான் பாப்பான். நம்ம ஏரிக்கரை முழுக்கப் பச்சைன்னு சொல்லிட்டான்."

"எங்கடி பச்சை? ஏரிக்கரை முழுக்கச் சீமைக்கருவேலம்தானே இருக்கு!"

மரத்தடியே வெடித்துச் சிரித்தது. அந்த மரம் எங்களை எப்படி வதைக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். எந்த வறட்சியிலும் அது மட்டும் பச்சையாக நிற்கும். அதன் காயைத் தின்கிற ஆட்டுக்குப் பல் போய்விடும்.

"பல்லு போன ஆட்டைக் கூட்டிட்டுப் போய் உன் வானத்துக்காரன்கிட்ட காட்டு" என்றார் பின்னால் இருந்த ஒருவர். "குருடனுக்கு எதுக்குக் கூலி?"

"அவன் குருடன் இல்லை, பொய்யும் சொல்லலை" என்றாள் அக்கா. "பச்சை இருக்கான்னுதான் நாங்க அவன்கிட்ட கேட்டோம். ஆடு தின்னுமான்னு கேக்கவே இல்லை. கேள்வியே தப்பு. அது எங்க தப்பு, உங்களோடது இல்லை. இதை மாத்த முடியும். ஆனா அடுத்த வறட்சியில எல்லாம் சரியா நடக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். இப்பவிட நல்லா நடக்கும். அது மட்டும் சொல்றேன்."

சத்தியம் செய்ய மாட்டேன் என்று ஒரு கம்பெனிக்காரர் எங்கள் ஊரில் சொன்னது அதுதான் முதல் தடவை. யாரும் சிரிக்கவில்லை. நோன்குத்தா தலையை ஆட்டி, "இது புரியுது" என்றார்.

நைரோபிக்குத் திரும்பியதும் வரைபடத்தில் சீமைக்கருவேலக் காடுகளை மட்டும் தனியாகப் பிரித்து, அவற்றை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டாள். மீதி நிலம் காய்ந்து கிடந்தது வெட்டவெளிச்சமானது. முத்தெம்பெய் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இது ஏன் எனக்குத் தோணலை?" என்றாராம். மேலிடத்தோடு சண்டை போட்டு, அந்தப் பருவத்துக்கே எங்களுக்கும் பணம் கொடுக்க வைத்தார்கள்.

அதற்கு நடுவில்தான் தேர்வு. ஓய்வு பெற்ற பள்ளிச் சமையல்காரர் ஒருவருக்கு அவருடைய ஓய்வூதியம் ஏன் குறைகிறது என்று விளக்க வேண்டும். முன்பென்றால் முதல் வரியிலேயே சதவீதம் எழுதியிருப்பேன் என்றாள் அக்கா. இந்த முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சமையல்காரர் நோன்குத்தா மாதிரி எதிரே உட்கார்ந்து முறைப்பதாக நினைத்துக்கொண்டாளாம். அப்புறம்தான் எழுதினாள். எது தெரியும், எது தெரியாது, அவர் இப்போது என்ன செய்யலாம். எண் ஓரிடத்தில் மட்டும் வந்தது, அதுவும் கடைசியில்.

முடிவு வந்த நாள் கணினியைத் திறக்க அவளுக்குத் தைரியம் இல்லை. முத்தெம்பெய்தான் திறந்தார். பார்த்துவிட்டு எழுந்து போய், வாகனப் பிரிவுக்காரர்களிடம், "உங்களுக்கு இவ கிடைக்க மாட்டா, வேற யாரையாவது பாத்துக்கங்க!" என்று கத்தினாராம். அந்தத் தளம் முழுக்க மேஜையைத் தட்டியது. எனக்குப் போன் செய்து, "தம்பி, ஆயிட்டேன்டா, ஆயிட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் கால்வாய் நெடுகக் கத்திக்கொண்டே ஓடினேன்.

சீமைக்கருவேலத்தைக் கழித்துத் திருத்திய புதிய காப்பீடு சரியாக இருக்கிறது என்று ஓர் ஆக்சுவரி கையெழுத்துப் போட்டால்தான் அதை விற்க முடியும். அதை நைரோபியில் போடக்கூடாது, எங்கள் கண்ணெதிரே போட வேண்டும் என்று நோன்குத்தா பிடிவாதம் பிடித்தார். அக்கா வந்தாள். பெரியப்பா ஒரு கிடாயை வெட்டினார். பெண்கள் பாடி ஆடிக்கொண்டே அவளை அழைத்து வந்தார்கள். அதே மரத்தடியில், பெரியப்பாவின் முதுகையே மேஜையாக வைத்துக் கையெழுத்துப் போட்டாள். அவர் அசையாமல் குனிந்து நின்றார்.

நோன்குத்தா தாளை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

"இதுல எது உன் பேரு?"

அக்கா காட்டினாள்.

"நல்லது. இத்தனை நாளா வானத்தைப் பாத்துத் திட்டிக்கிட்டு இருந்தோம். இனிமே யாரைத் திட்டணும்னு தெரிஞ்சுபோச்சு."

"திட்டுங்க சித்தி" என்றாள் அக்கா. "அதுக்காகத்தான் இத்தனை வருஷம் படிச்சேன்."