எத்தனை உறை தெரியுது?

சமயநல்லூர்ப் பக்கம் யாராவது புதிதாக டார்ச் லைட் வாங்கினால், பெட்டியில் எத்தனை லூமன் வெளிச்சம் என்று அச்சடித்திருக்கிறது என்பதை ஒருவரும் மதிப்பதில்லை. "காளையண்ணன்கிட்டக் காமிச்சியா? எத்தனை உறைன்னு சொன்னாரு?" என்றுதான் கேட்பார்கள்.

காளைக்கு வயது ஐம்பத்தாறு. கிணற்று மோட்டார், போர்வெல் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர். வீட்டுக்குப் பின்னால் அவருக்கு ஓர் உறைகிணறு உண்டு. சிமெண்ட் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கட்டியது. மொத்தம் முப்பத்திரண்டு உறை. தண்ணீர் வற்றிப் பல வருஷம் ஆகிவிட்டது, பாசி காய்ந்து உட்சுவரெல்லாம் கருத்துக் கிடக்கிறது. மனுஷன் உச்சி வெயிலில் அதன் விளிம்பில் குப்புறப் படுத்து, வெளிச்சம் உள்ளே வராதபடி கோணிச்சாக்கால் கிணற்று வாயைத் தலையோடு சேர்த்து மூடிக்கொண்டு, லைட்டை அடித்து உறைகளை எண்ணுவார். ஒரு உறைக்கும் அடுத்த உறைக்கும் நடுவில் இருக்கும் கோடு எதுவரை தெரிகிறதோ அதுவரைக்கும்தான் அந்த லைட்டுக்கு மரியாதை. பிளாட்பாரச் சரக்கு பன்னிரண்டு உறை. நல்ல சரக்கு இருபத்தைந்து. அவர் இடுப்பிலேயே வைத்திருக்கும் கட்டைவிரல் பருமன் லைட் முப்பது. முப்பத்திரண்டும் காட்டிய லைட்டை அவர் பார்த்ததே இல்லை.

எண்ணியதோடு விடமாட்டார். வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறப்போடுவார். இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் விடுவார். அப்புறம் எரியவிட்டுக் கைக்குள் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "சின்ன லைட்டுல பெரிய வெளிச்சம்னா சூடு எங்கய்யா போகும்? மூணு நிமிஷம் பகட்டாக் காமிச்சிட்டு நாலாவது நிமிஷம் பம்மிரும். பெட்டியில போட்டிருக்கிறது அந்த மூணு நிமிஷக் கதைதான்" என்பார். சரியான பேச்சுதான்.

இந்தக் கிறுக்கு சும்மா வரவில்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு கிணற்றில் பாதி தூரம் இறங்கியபோது கையிலிருந்த டார்ச் அணைந்துவிட்டது. வழுக்குப் படியில் ஒற்றைக் காலை ஊன்றி, மேலே ஆள் வரும்வரை அரை மணி நேரம் நின்றார். அன்றிலிருந்து லைட் இல்லாமல் வாசல் தாண்டியதில்லை. கல்யாண போட்டோவில்கூட மாப்பிள்ளையின் பட்டு வேட்டி மடிப்பு ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். "தாலி கட்டுறப்ப கரண்ட் போயிட்டா?" என்று அவர் கேட்டாராம். மனைவி முத்துத்தாய் இதைச் சொல்லிச் சொல்லியே முப்பது வருஷம் சிரித்துவிட்டாள்.

அப்பேர்ப்பட்டவரிடம்தான் ராமக்காள் வந்து பொறுப்பை ஒப்படைத்தாள். அவளையும் முத்துத்தாயையும் சேர்த்து எட்டுப் பெண்கள் விடியுமுன்னே மல்லிகைத் தோட்டத்தில் இறங்கிப் பூப்பறிப்பவர்கள். மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் பூ போய்ச் சேரவேண்டிய நேரம் அப்படி. போன மாதம் செடிக்கடியில் சுருண்டிருந்த விரியனுக்கு ஒரு சாண் தள்ளி ராமக்காள் காலை வைத்துவிட்டாள். அதற்குமேல் செல்போன் வெளிச்சத்தை நம்ப யாரும் தயாராக இல்லை. எட்டுப் பேரும் ஒரே லைட் வாங்கினால் பேட்டரி, சார்ஜர் எல்லாம் மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். தலையில் கட்டுகிற லைட் வேண்டாம், கொண்டை நிற்காது. சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு எங்கேயும் போகிற மாதிரி வேண்டும்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லிருய்யா தம்பி. நீ கையக் காட்டுறதத்தான் வாங்குவோம். எங்க காலு உன் கையிலதான் இருக்கு" என்றாள் ராமக்காள்.

பரவையில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் முத்துத்தாயின் தம்பி ராஜபாண்டி மூன்று லைட் கொண்டுவந்தான். கறுப்பு ஒன்று, பச்சை ஒன்று, குட்டையாக ஒன்று. மூன்றுக்கும் செல்போன் சார்ஜரே போதும், பேட்டரியைக் கழற்றி மாற்றலாம். காளை கோணிச்சாக்குக்குள் போனார், வெளியே வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"கறுப்பு பதினஞ்சு. பச்சை பதினாலு. குட்டை பன்னெண்டு. என்ன மாப்ள, குப்பையப் பொறுக்கிட்டு வந்திருக்க?"

"மச்சான், அந்தப் பச்சை சாதாரண அயிட்டம் இல்ல. எங்க கடை மாடியில இருந்து அடிச்சா தண்டவாளம் வரைக்கும் தெரியுது."

"உனக்கு எல்லாம் தெரியும்" என்று காளை எழுந்து போய்விட்டார்.

ராஜபாண்டி இன்னும் இரண்டு கொண்டுவந்தான். பதின்மூன்று, பதினான்கு. இந்தக் காலத்துக் கம்பெனிக்காரன் அம்புட்டுப் பேரும் திருடன் என்று காளை தீர்ப்பு எழுதிவிட்டார். அந்த வருஷம் அவருக்கு எதிலும் திருப்தியில்லை. ஊரில் வோல்டேஜே சரியில்லை என்று சொல்லி வீட்டு பல்பையெல்லாம் இரண்டு தடவை மாற்றியிருந்தார். பேப்பர்க்காரன் மையைக் குறைத்துவிட்டான் என்றுகூட ஒரு நாள் திட்டினார். இம்புட்டு வெவரமான ஆளுக்கு இது உறைக்கவில்லையே என்று உங்களுக்குத் தோன்றும். தன்னை மட்டும் விட்டுவிட்டு ஊரையே சந்தேகப்படுவது வெவரமான ஆட்களின் வழக்கம்தான்.

வெள்ளிக்கிழமை ராமக்காள் மறுபடி வந்தாள். "இன்னைக்கும் தோட்டத்துல ஒண்ணு ஓடுச்சு. நாளை மறுநா நீ சொல்லலேன்னா கெடைச்சத வாங்கிட்டுப் போறோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை மத்தியானம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் காளை தன் சொந்த லைட்டை எடுத்துக் கிணற்றுக்குள் அடித்தார். பதினான்கு. லைட்டின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அடித்தார். பதினான்கு. புது பேட்டரி போட்டார். அதே பதினான்கு. முப்பது காட்டிக்கொண்டிருந்த லைட் அது. சாப்பிடக் கூப்பிட வந்த முத்துத்தாயைப் பார்த்து, "ஏ முத்து, இங்க வா. கொஞ்சம் எண்ணு" என்றார்.

ஒரே சாக்குக்குள் இரண்டு தலையும் போயின. "யாராச்சும் பாத்தா சிரிக்கப் போறாக" என்றபடி முத்துத்தாய் எண்ண ஆரம்பித்தாள். பதினான்கைத் தாண்டினாள். இருபதைத் தாண்டினாள். காளை மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முப்பது. அதுக்குக் கீழ மங்கலாத்தான் இருக்கு. ஏங்க, முப்பதாவது உறை ஓரத்துல ஒரு தவளை உக்காந்து நம்மளையே பாக்குது பாருங்க."

"எங்க?"

"அந்தா, நேரா கீழதான்."

காளை பார்த்தார். கீழே வெள்ளையாக ஒரு புகைமூட்டம் தவிர எதுவும் இல்லை. "எனக்குத் தவளை தெரியல முத்து" என்றார். அவள் கை அவர் முதுகில் வந்து உட்கார்ந்தது.

பயந்துவிட்டார், வாழ்க்கையில் இரண்டாவது தடவையாக. கிணற்றுக்குள் பார்க்க முடியாத மெக்கானிக்கை எவன் கூப்பிடுவான்? இதைத்தவிர வேறு வேலையும் தெரியாது.

"புரையாத்தான் இருக்கும். செவ்வாக்கெழமை கண்ணாஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள் முத்துத்தாய். பிறகு குரலைத் தணித்து, "லைட்ட நான் எண்ணிச் சொல்றேன். நீங்க எண்ணுன மாதிரி அவுககிட்டச் சொல்லிருங்க. யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள்.

எண்ணிச் சொன்னாள். பிந்தி வந்த இரண்டும் இருபதோடு நின்றன. கறுப்பு இருபத்தொன்பது. குட்டை இருபத்தேழு. பச்சை முப்பத்திரண்டு! காளை பச்சையைக் கையில் உருட்டிப் பார்த்தார். எரியவிட்டு உள்ளங்கைக்குள் பொத்தினார். கொஞ்ச நேரத்தில் சுட்டது. அடுத்து குட்டையை எடுத்தார்.

"இதோட வெளிச்சம் எப்படி விழுகுது? குவிஞ்சா, விரிஞ்சா?"

"கிணறு முழுக்கப் பரவலா விழுகுது. பச்சைதான் நடுவுல மட்டும் ஊசி மாதிரி இறங்குது."

"பாம்பு முப்பத்திரண்டு உறைக்கு அங்கிட்டா கெடக்கு? காலடியிலதான கெடக்கு" என்றார் காளை. குட்டையின் கிளிப்பைத் தடவித் திருப்பினார். ரவிக்கை விளிம்பில் கவிழ்த்து மாட்டினால் வெளிச்சம் நேராகக் கீழே விழும், இரண்டு கையும் பூவுக்கு. தணிவாக வைத்து ராத்திரி பூராவும் எரியவிட்டார், அணையவில்லை. சூடும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டுப் பேரும் வந்தார்கள். முத்துத்தாய் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குட்டை லைட்டை ராமக்காள் கையில் கொடுத்தார்.

"இதுதான். ஆனா ஒண்ணு. இந்த அஞ்சையும் குப்பைன்னு நான் சொன்னது தப்பு. லைட்டெல்லாம் எரியத்தான் செய்யுது. எனக்குத்தான் கண்ணு மங்கிருச்சு. எண்ணுனது இவ."

தோட்டத்துப் பெண்கள் சட்டென்று பேசுகிறவர்கள். ராமக்காள்தான் முதலில், "ஏய்யா, இத ஊர்வாயில விழுகிற மாதிரி சொல்லணுமா? உன் பொழப்பு என்னத்துக்கு ஆகும்? பேசாம கையக் காட்டிட்டுப் போயிருக்கலாம்ல?" என்றாள்.

"நாளைக்கு ஒருத்தன் கிணத்துக்குள்ள எறங்கப் போறான், லைட்டு எப்படின்னு என்கிட்டதான் கேப்பான். அவன்கிட்டயும் பொய் சொல்லவா?" என்றார் காளை. ராமக்காள் எட்டு லைட்டுக்கு ராஜபாண்டியிடம் சொல்லச் சொல்லிவிட்டு எழுந்தாள்.

செய்தி மத்தியானத்துக்குள் பரவை வரை போய்விட்டது. காளை சாப்பாட்டைத் தொடவில்லை. போனை எதிரில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தார். நாலு மணிக்கு அது அடித்தது. பரவையில் போர்வெல் வைத்திருக்கும் பாண்டியராஜன். போர்வெல்லில் இறக்கிய மோட்டார் பாதியில் சிக்கிக்கொண்டதாம்.

"தம்பி, நீ கேள்விப்பட்டியா என்னன்னு தெரியல. எனக்குக் கண்ணு..."

"கேள்விப்பட்டேண்ணே. அதுக்குத்தான் சொல்றேன், வாரப்ப மதினியையும் கூட்டிட்டு வாங்க. அவுக பாத்துச் சொல்லட்டும். என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க."

"வாரோம்" என்று சொல்லிவிட்டுக் காளை போனை வைத்தார். அவர் ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது, முத்துத்தாய் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.